ஒரே மூச்சில் ஒரு மர்ம நாவல்

பள்ளிக்கூடங்கள் மூடி வேனிற்காலம் தொடங்கிவிட்டால், விடுமுறையில் எதைப் படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் யோசனை சொல்ல முன்வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே, வாழ்க்கைக்குப் பயன்படக்கூடிய நூல்களையே சிபாரிசு செய்கிறார்கள். மகான்களின் சரித்திரம், பொது அறிவு, பரீட்சைக்கு உதவும் புத்தகம், இவையெல்லாம் போனால் வருஷக்கணக்காக அலமாரியில் இருந்தும் கைபடாத காவியம் ஒன்று. இவற்றில் எதையும் நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் விடுமுறைக்கென்றே படைக்கப்பட்டதோ என்று எண்ணத்தக்க ஒரு நூல்வகை உண்டு. அதன் பெயரைச் சொல்லும்போது மட்டும் கௌரவமான மனிதர்களின் குரல் சிறிது தாழ்ந்துவிடுகிறது. விறுவிறுப்பான மர்ம நாவலைத்தான் சொல்கிறேன். ரயிலில் அதைப் படிக்கிறவர் அட்டை வெளியே தெரியாதபடி மடித்துக்கொள்கிறார். எதிரே இருப்பவர் கேட்காதபோதே, சும்மா பொழுதுபோக்குக்காகத்தான் என்று சமாதானமும் சொல்லிவிடுகிறார். அந்தச் சமாதானத்துக்கு அவசியமே இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். மற்ற நூல்களை ஓய்வில்லாதவன்கூட நாளுக்குச் சிறிதாக, வாழ்நாள் முழுவதும் படித்துப் பயன்பெறலாம். மர்ம நாவலை அதற்குரிய மரியாதையோடு படிப்பதற்கு, இடையூறில்லாத ஒரு முழுப் பொழுது கையில் இருக்க வேண்டும்.

துப்பறியும் கதைக்கு ஆதிகர்த்தா என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, பாரிஸ் நகரத்து வீடொன்றில் தாயும் மகளும் கொலையுண்ட மர்மத்தை வைத்துத் தம் முதல் துப்பறியும் கதையை 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1846இல், இலக்கியம் படைக்கும் முறையைப் பற்றி அவர் எழுதிய பிரசித்தமான கட்டுரையில் இரண்டு கருத்துக்களை வற்புறுத்தினார். ஒரே அமர்வில் படித்து முடிக்க இயலாத படைப்பு, இடையிலே உலக விவகாரங்கள் புகுந்துவிடுவதனால், தன் முழுமையின் வலிமையை இழந்துவிடுகிறது என்பது ஒன்று; முடிவு இன்னதென்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே ஆசிரியன் பேனாவைத் தொட வேண்டும் என்பது மற்றொன்று. அவர் அங்கே ஆராய்ந்தது தம்முடைய கவிதை ஒன்றைத்தான் என்றாலும், அந்த இரண்டு விதிகளும் மர்ம நாவலுக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்து எழுதப்படுகிற கதை அது. இந்தக் கடிகாரம் எத்தனை மணி காட்ட வேண்டும், இந்த வேலைக்காரன் எந்தக் கதவு வழியாக உள்ளே வர வேண்டும், இந்தக் கடிதத்தை யார் முதலில் பார்க்க வேண்டும் என்றெல்லாம் ஆசிரியன் மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து அமைத்த ஒழுங்கை, வாசகன் நாலைந்து மணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிக் கடக்கிறான். விறுவிறுப்பு என்று நாம் புகழ்வது முழுவதும் ஆசிரியனுடைய நிதானத்தின் பலன்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால், ஆர்தர் கானன் டாயிலின் 'பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்' நாவலில் வருகிற பூட்ஸ் விஷயத்தைச் சொல்வேன். குடும்பச் சொத்துக்கு வாரிசாகக் கனடாவிலிருந்து வந்து சேரும் சர் ஹென்றி என்ற இளைஞர், லண்டனில் ஒரு ஹோட்டலில் தங்குகிறார். அப்போதுதான் வாங்கி, இன்னும் ஒரு முறைகூடக் காலில் போடாத பழுப்பு நிறப் பூட்ஸுகளை மெருகு போடுவதற்காக இரவில் அறை வாசலில் வைக்கிறார். காலையில் அவற்றில் ஒன்றை மட்டும் காணவில்லை. ஜோடியாகப் போயிருந்தால் திருட்டு என்று சொல்லலாம். ஒற்றைப் பூட்ஸ் யாருக்கு என்ன பிரயோஜனம்? அந்த வியப்பு அடங்குவதற்குள், அவருடைய பழைய கறுப்புப் பூட்ஸில் ஒன்று மறைந்துபோகிறது. பிறகு காணாமற்போன புதுப் பூட்ஸ் அவருடைய அறையிலேயே, அலமாரியின் அடியிலே, கிடைத்துவிடுகிறது. பழையது மட்டும் அகப்படவில்லை. சர் ஹென்றி கோபித்துக்கொள்கிறார், ஹோட்டல் சிப்பந்தி விழிக்கிறான், படிக்கிற நாம் அதை ஒரு சில்லறைத் தொல்லை என்று எண்ணிக் கடந்துபோகிறோம். ஷெர்லாக் ஹோம்ஸ் ஒருவர் மட்டும் முகம் மாறி யோசனையில் ஆழ்கிறார். புதியதைத் திருப்பித் தந்து பழையதை எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கு, எதற்காக ஏற்பட்டது என்பதில்தான் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை நான் இங்கே உடைக்கப்போவதில்லை. இன்னும் படிக்காத பாக்கியசாலிகள் சிலராவது இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பூட்ஸை, செவ்வாய்க்கிழமை இரவு தூக்கக் கலக்கத்தில் பத்துப் பக்கமும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நின்றபடி ஆறு பக்கமுமாகப் படிக்கிறவனுக்கு, இறுதியில் விடை சொல்லப்படும்போது, அப்படி ஒரு பூட்ஸ் தொலைந்ததே நினைவிராது. விடையை அவன் தகவலாகத் தெரிந்துகொள்வான். நெஞ்சம் திடுக்கிட்டு, அடடா, கண்ணெதிரே வைத்துவிட்டல்லவா மறைத்தார் என்று கூவுகிற ஆனந்தம் அவனுக்குக் கிட்டாது. ஒரே நாளில் படிக்கிறவனுக்கோ காலையில் பார்த்த பூட்ஸ் மாலையில் கண்முன்னே வந்து நிற்கிறது. அந்த நாவலுக்கும் விடுமுறைக்கும் வேறொரு பந்தமும் உண்டு. 1901ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், நார்ஃபோக் கடற்கரையிலுள்ள குரோமர் என்னும் ஊருக்குத் தம் நண்பர் ஃபிளெட்சர் ராபின்சனோடு ஓய்வெடுக்கவும் கோல்ஃப் ஆடவும் சென்றிருந்த டாயில், நண்பர் சொன்ன பேய்நாய்க் கதையைக் கேட்டுத்தான் இந்த நாவலுக்கு வித்திட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே அது 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தாமே அருவியில் தள்ளிக் கதையை முடித்துவிட்ட ஹோம்ஸை, அந்தக் கடற்கரை ஓய்வின் பயனாக டாயில் மறுபடி எழுத எடுத்தார்.

மர்ம நாவலை இகழ்ந்தவர்களில் மேதைகள் இல்லாமல் இல்லை. அமெரிக்க விமரிசகர் எட்மண்ட் வில்சன் 1945இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், அகாதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றின் பெயரையே தலைப்பில் இழுத்து, இந்தக் கதைகளைப் படிப்பது சிகரெட்டுக்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவே வைக்கத்தக்க ஒரு சில்லறைத் துர்ப்பழக்கம் என்று தீர்ப்புக் கூறினார். நூல்களை அத்தனை ஆழமாகக் கற்ற ஒருவர் இப்படிச் சொல்வதை அலட்சியம் செய்ய முடியாதுதான். ஆனால் அவர் அந்தப் புத்தகங்களைப் படித்தது விமரிசகனுடைய கடமையாக. மேஜையில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக, வாசகர்கள் சொன்னார்களே என்பதற்காக. நடையழகையும் பாத்திரங்களின் ஆழத்தையும் தேடினார். அவர் தேடியது அங்கே குறைவாகவே இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல், கவிஞர் ஆடன் இதே விஷயத்தைப் பற்றி எழுதும்போது, கையில் வேலை இருக்கும் சமயத்தில் துப்பறியும் நாவலின் பக்கமே தாம் போகாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது என்றும், தொடங்கிவிட்டால் முடிக்கும் வரை வேலையும் ஓடாது, உறக்கமும் வராது என்றும் ஒப்புக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர்களில் ஒருவர் கூறிய இந்த வாக்குமூலத்தைவிட, இந்த நூல்களுக்கு உரிய காலம் எது என்பதற்கு வேறு சாட்சியம் எனக்கு வேண்டியதில்லை. வேலை நாளில் அது இடைஞ்சல். விடுமுறையில் அதுவே வரம்.

வில்சனுடைய ஆட்சேபத்தைக் காட்டிலும் என் மனத்தை அதிகம் உறுத்தியிருக்கிற ஆட்சேபம் வேறொன்று. ஒரு மனிதன் கொலையுண்டதை வைத்துக்கொண்டு, மாமரத்து நிழலில் சாய்வு நாற்காலியில் படுத்து, மற்றொருவன் இன்பம் அனுபவிப்பது தர்மமா? உயிரை விளையாட்டுப் பொருளாக்குவது ஆகாதா? இப்படிக் கேட்பவர்களுக்கு நான் கிறிஸ்டியின் 'பாக்கெட் நிறைய ரை' என்ற 1953ஆம் வருஷத்து நாவலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதிலே முதலில் இறப்பவர் பெரிய பணக்காரர். அவர் இறந்ததும் போலீஸும் பத்திரிகைகளும் வக்கீல்களும் திரண்டுவிடுகிறார்கள். அந்த வீட்டிலே கிளாடிஸ் என்று ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். அநாதை விடுதியில் வளர்ந்தவள், அழகில்லாதவள், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற பேதை. அவளையும் கொன்றுவிடுகிறார்கள், கொன்றது போதாதென்று, துணி உலர்த்தும் கொடியருகே கிடந்த அவளுடைய மூக்கில், துணிக்குப் போடுகிற கிளிப்பை மாட்டிவிட்டுப் போகிறார்கள். மிஸ் மார்ப்பிள் என்ற வயோதிக மாது அந்த வீட்டுக்கு ரயிலேறி வருவது பணக்காரருக்காக அல்ல. அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை கற்றுக்கொடுத்தவள் தான் என்பதற்காக, அந்தக் கிளிப்பில் இருந்த அவமதிப்பைப் பொறுக்கமுடியாத கோபத்துக்காக, அவள் வருகிறாள். பின்னல் ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, கேட்க ஒரு நாதியற்றவளின் சாவுக்குக் கணக்குக் கேட்கிறாள், வாங்கியும் விடுகிறாள்.

நம்மைச் சுற்றி எத்தனையோ சாவுகள் ஏன் என்று கேட்பாரில்லாமல், நாலு வரிச் செய்தியாக, அதுவும் இல்லாமல், மறைந்துபோகின்றன. மர்ம நாவலின் உலகத்தில் ஒரு சாவுகூட அவ்வாறு கழிக்கப்படுவதில்லை. பிச்சைக்காரனாயினும் பிரபுவாயினும், இறந்தவனுக்காக ஒருவர் தூக்கம் கெட்டு அலைகிறார். அவன் கடைசியாக என்ன உண்டான், யாரோடு பேசினான், ஜன்னல் ஏன் திறந்திருந்தது என்று சிரத்தையோடு விசாரிக்கிறார். கொலையை அற்பமாகக் காட்டும் இலக்கியம் இது என்று சொல்கிறவர்கள், அட்டைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். இரத்தத்தையும் சித்திரவதையையும் விவரிப்பதிலேயே களிக்கிற நாவல்களும் கடைகளில் இருக்கின்றன. அவற்றுக்காக நான் வழக்காடவில்லை.

பிரயாணத்துக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் உள்ள உறவு, பதிப்புலகத்தின் சரித்திரத்தையே ஒருமுறை திருப்பியிருக்கிறது. 1934ஆம் ஆண்டில் லண்டன் பதிப்பாளர் ஆலன் லேன், டெவன் பிரதேசத்தில் அகாதா கிறிஸ்டியின் வீட்டில் வார இறுதியைக் கழித்துவிட்டுத் திரும்பும் வழியில், எக்ஸ்டர் ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் படிக்கத் தகுந்தது ஒன்றும் அகப்படாமல் ஏமாந்தார் என்றும், நல்ல நூல்களைச் சிகரெட் பெட்டி விலைக்கு விற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது என்றும் சொல்வார்கள். மறு வருஷம் ஜூலை மாதத்தில் பென்குயின் நூல்கள் ஆறு பென்ஸ் விலையில் பத்து வெளிவந்தன. அந்த முதற் பத்தில் கிறிஸ்டியின் நாவல் ஒன்றும் டோரதி சேயர்ஸின் நாவல் ஒன்றும் இருந்தன. ஹெமிங்வேயோடு ஒரே வரிசையில், ஒரே விலையில், மர்ம நாவலை வைத்த அந்தத் தைரியத்தை நான் மனமார மதிக்கிறேன்.

நம் நாட்டில் இந்த விருப்பம் இன்று நேற்று உண்டானதல்ல. ஜே. ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதியது 1908இல். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஆங்கிலக் கதைகளைத் தமிழ் வேஷம் போட்டுக் கொண்டுவந்தார்கள் என்று குறை கூறப்பட்டபோதிலும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கானோரை, பெண்களை முக்கியமாக, நாவல் படிக்கிறவர்களாக மாற்றினார்கள் என்ற புண்ணியம் அவர்களுக்கு உண்டு. வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படத்துக்கே வந்துவிட்டார். பிறகு தேவனுடைய சாம்பு, தமிழ்வாணனுடைய சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வஸந்தும், கோவையிலிருந்து மாதந்தோறும் புதுக் கொலைகளோடு வந்த ராஜேஷ்குமார் என்று அந்தப் பரம்பரை, பஸ் நிலையத்துக் கடைகளின் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியபடி வளர்ந்து வந்திருக்கிறது.

ஆயினும் தமிழ் வாசகனுக்கு மர்மக் கதை பெரும்பாலும் வாரத் தொடராகவே வாய்த்தது. ஒரே அமர்வில் படிக்க வேண்டியதை நாற்பது வாரங்களுக்கு நீட்டி வாசிக்க வேண்டிய நிர்ப்பந்தம். இதற்கு நம் வீடுகள் தாமே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து அந்தத் தொடரின் பக்கங்களைக் கிழிந்துபோகாமல் கழற்றி எடுத்து, அடுக்கி, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து, கெட்டி அட்டையும் காலிகோ முதுகும் போட்டு வாங்கி வைத்தார்கள். அத்தகைய தொகுப்பொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பைண்டரின் கத்தி ஓரத்தில் சற்று அதிகமாகச் சீவியதனால் வரியின் முதலெழுத்துக்கள் சில போயிருக்கும், மர்மத்தின் உச்சக்கட்டத்துக்குப் பின்பக்கத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கோ தலைவலித் தைலத்தின் விளம்பரமோ நிற்கும், ஓவியர் வரைந்த கதாநாயகிக்கு வீட்டுப் பிள்ளை ஒருவன் பென்சிலால் மீசை போட்டிருப்பான். மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனால் அந்தப் புத்தகம்தான் முதலில் பரணிலிருந்து இறங்கும். அண்ணன் முன்பாதியைப் படிக்கும்போதே தங்கை பின்னால் காத்துக்கொண்டிருப்பாள். நாற்பது வாரம் ஊர் முழுவதையும் தவிக்கவிட்ட கதை ஒரு மத்தியானத்தில் முடிந்துபோகும். வாரத் தொடர் தன் உண்மையான உருவத்தைப் பெற்றது அந்தக் காலிகோ அட்டைக்குள்ளே, அந்த மத்தியானத்திலே என்று நான் நம்புகிறேன். வாடகை நூல் நிலையத்துப் பிரதியில், முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரை எழுதி வைக்கிற ஒரு ஜாதி வாசகர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் பிறருக்குச் செய்தது சிறு தீங்கு அல்ல. ஒருவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடையக்கூடிய இன்பத்தைப் பறித்தார்கள், அதைத் திருப்பித் தர எவராலும் இயலாது.

இன்று புத்தகத்துக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லாத வீடுகளில்கூட, அந்த இடையறாத மத்தியானத்துக்குத்தான் பஞ்சம் வந்திருக்கிறது. விடுமுறை என்று ஊருக்குப் போகிறோம்; கைப்பேசியும் உடன் வருகிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவே மணி அடித்து, அலுவலகத்துச் செய்தியையும் அயலூர்க் கல்யாணத்துப் படங்களையும் காட்டுகிறது. போ அஞ்சிய உலக விவகாரம் இப்போது நம் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. மற்ற நூல்கள் இந்த இடையூறைச் சற்றுத் தாங்கும். பாட்டொன்றையோ கட்டுரையொன்றையோ விட்ட இடத்தில் தொட்டுக்கொள்ளலாம். சந்தேகத்தின் இழை மட்டும் அறுந்தால் ஒட்டாது. ஆகையால் இந்த வேனிலில் மர்ம நாவல் படிக்க எண்ணுகிறவர்களை நான் வேண்டிக்கொள்வதெல்லாம், அந்த ஒரு பகலுக்குக் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள் என்பதே. பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. பதின்மூன்று வயதுப் பிள்ளை காலையிலிருந்து குப்புறப்படுத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழாமல் ஒரு துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்கிப் பயனுள்ள புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் சந்தேகித்து, சொன்னவன் யார், அவன் ஏன் இப்படிச் சொன்னான், சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டுக்கேட்டுப் படிக்கிற பழக்கத்தை அந்தப் பிள்ளை ஆசிரியர் யாருமில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறது. பத்திரிகைச் செய்தியையும் மேடைப் பேச்சையும் ஒருநாள் அது இதே கண்ணோடு படிக்கும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு பகல்தான் கிடைக்கும் என்றால் நான் மேலே சொன்ன டாயிலின் வேட்டைநாயையே எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் அதுவே ஏற்றது. அதைக் கடந்து வந்தவர்கள் கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை'யைப் படிக்கட்டும். 1926இல் அது வெளிவந்தபோது ஆசிரியை வாசகரை நியாயமாக நடத்தினாரா, ஏமாற்றினாரா என்று எழுந்த சர்ச்சை இன்னும் அடங்கவில்லை. படித்து முடித்த அதே சாயங்காலம் முதல் அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்தால், ஆசிரியை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது தெரியும். என் கட்சி அதுதான். தமிழில் வேண்டுமென்பவர்களுக்குச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இருக்கிறது. பேயா விஞ்ஞானமா என்று கடைசி வரை இழுத்துச் செல்கிற அந்தக் கதையை இரவில் தனியாகப் படிப்பது உத்தமம். வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் கொள்ளைபோன வைரம் ஒன்று இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து விளைவிக்கிற கலக்கத்தை, அந்த வீட்டுக் காரியஸ்தன் முதல் வைத்தியன் வரை பலர் மாறிமாறிச் சொல்லுகிற 1868ஆம் வருஷத்து நாவல். நம் மண்ணில் நடந்த அநீதியிலிருந்து கதையைத் தொடங்கி, அந்த வைரத்தைத் தேடி வருகிற இந்தியர்களைக் கயவர்களாக்கிவிடாமல் நடத்திய அந்த ஆங்கிலேயரை நாம் நன்றியோடு படிக்கலாம். ஆனால் அது பெரிய புத்தகம், ஒரே பகலுக்குள் அடங்காது. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் போய்த் திரும்புகிறவர்களுக்குச் சரியாக இருக்கும்.